அத்தை ரோட்டில் உட்கார்ந்த வெள்ளிக்கிழமை

போன வாரம் முழுக்க நம் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். எங்கோ ஓர் ஊரில் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள், மறுநாள் பக்கத்து ஊரில் உட்கார்ந்தார்கள், அதற்கடுத்த நாள் ஜில்லாவே நின்றுவிட்டது. இது எப்படி என்று கேள்வி. காசு கொடுத்துக் கூட்டி வருகிறார்கள் என்றார் ஒருவர். பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். எல்லாம் இந்தச் செல்போன் செய்கிற வேலை என்று எழுதினார் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் வெடிக்கிறார்கள் என்று எழுதினாள் டீச்சராக இருந்தவள். நான் ஒன்றும் எழுதவில்லை. எனக்குத் தெரியாது என்பதுதான் காரணம். ஆனால் அப்படி ஒன்று ஆரம்பித்த இடத்தில், அது ஆரம்பித்த நிமிஷத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. அதைச் சொல்கிறேன். படித்துவிட்டு உங்களில் யாருக்காவது விளங்கினால் எனக்கும் விளக்குங்கள்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், பெரிய ரோட்டை ஒட்டி இருந்தது. நாலு வழிச்சாலை போடாத காலம். இரண்டு பக்கமும் புளியமரங்கள். கோடையில் தார் இளகி, நடந்தால் செருப்பைப் பிடித்து இழுக்கும். எங்கள் தெருப் பம்பில் தண்ணீர் வராத வருஷம் அது. பொம்பளைகள் குடத்தை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்து மோட்டார் கொட்டகைக்குப் போய் வருவார்கள். ரோட்டில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. எங்கள் ஊரில் நிற்கிற பஸ்தான் குறைவு. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதுவும் கூட்டமாக இருந்தால் நிற்காது.

அந்த வருஷம் அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. விழுப்புரத்தில் கொடுத்திருந்தார்கள். அங்கே மாமியாரோடு ஒத்துவரவில்லை, அடித்துவிட்டார்கள் என்று அம்மா குசுகுசுப்பாள். ஒரு நாள் ஒயர் கூடையில் இரண்டு புடவையோடு வந்து சேர்ந்தாள். அவளுடைய ஒரே பையனை அவர்கள் அனுப்பவில்லை. அவனுக்கு ஆறோ ஏழோ வயசு.

அப்பாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. நாம் தேடிக்கொண்டு போய் நிற்கக்கூடாது, கௌரவமாக இருந்தால் அவர்களே பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பேசுவார்கள், பையனையும் விடுவார்கள் என்று. தங்கையிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், அந்தத் தெருப்பக்கம் போகக்கூடாது என்று. அவர்கள் வரவேயில்லை. அப்பா காத்துக்கொண்டே இருந்தார். எங்கள் மல்லாட்டை நிலத்தில் கடலைச் செடி வாட வாட மழைக்குக் காத்திருப்பது போலத்தான் அதற்கும் காத்திருந்தார்.

அத்தை வெள்ளிக்கிழமை தோறும் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற திருவாமாத்தூர் கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். வேண்டுதல் என்றாள். தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. எனக்கு முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்ததால் என்னைத் துணைக்கு அனுப்பினாள்.

நாங்கள் திருவாமாத்தூருக்குப் போகவில்லை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சைக்கிள் கடைகள் இருக்கிற ஒரு தெரு வழியாக நடந்து, ஒரு பள்ளிக்கூடத்தின் பக்கவாட்டுக் கேட்டுக்குப் போனோம். அங்கே இன்னும் லீவு விடவில்லை. மத்தியானம் மணி அடித்ததும் பிள்ளைகள் கத்திக்கொண்டு வந்தார்கள். ஒரு பையன் மட்டும் ஓடாமல் நடந்து வந்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அத்தை. பள்ளிக்கூடத்து ஆயா பார்த்தும் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். முருங்கைக் கீரை போட்ட கேப்பை அடையைப் பிய்த்துக் கம்பி வழியாக ஊட்டினாள் அத்தை. அவன் மென்றுகொண்டே என்னைப் பார்த்தான். மூக்கு ஒழுகியது. அத்தை முந்தானையால் துடைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் வருவியா என்று கேட்டான்.

"பஸ் நின்னா வர்றேன்," என்றாள் அத்தை.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு விபூதிப் பொட்டலம் வாங்கினாள். அதை அம்மா சாமி மாடத்தில் வைத்தாள். என்னிடம் அத்தை சத்தியம் எதுவும் வாங்கவில்லை. சொல்லாதே என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கே சொல்லக்கூடாது என்று தெரிந்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் நிற்கவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வேகத்தைக் குறைத்தது, கண்டக்டர் எங்களைப் பார்த்தார், விசில் கொடுத்தார், போய்விட்டது. மூன்றாவது வெள்ளிக்கிழமை அவன் பள்ளிக்கூடத்துக்கும் கடைசி நாள். அன்றைக்கு அத்தை விடியும்போதே எழுந்து தலைக்குக் குளித்து, அடை தட்டி, தூக்குச்சட்டியில் வைத்து என் கையில் கொடுத்தாள். வெல்லம் போட்ட மல்லாட்டை உருண்டையும் இருந்தது. சூடு தூக்கைத் தாண்டி என் தொடையில் பட்டது.

பஸ் வந்தது. அத்தை கையை நீட்டினாள். படிக்கட்டில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பஸ் நிற்காமல் எங்களைத் தாண்டி, புழுதியையும் டீசல் நாற்றத்தையும் விட்டுவிட்டுப் போனது.

அத்தை பஸ்ஸைத் திட்டவில்லை, அழவுமில்லை. புழுதி அடங்குகிற வரைக்கும் நின்றாள். பிறகு ரோட்டின் நடுவுக்கு நடந்து போய், புடவையை ஒழுங்காக இழுத்துவிட்டுக்கொண்டு, சாப்பிட உட்காருவது போல உட்கார்ந்தாள். நான் ஓரத்தில் தூக்கோடு நின்றேன். கூப்பிடவில்லை. எதற்கு உட்காருகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு லாரி வந்து, ரப்பர் கருகுகிற வாசனையோடு அவளுக்கு எதிரே நின்றது. டிரைவர் இறங்கி வாயில் வந்தபடி ஏசினான். தண்ணீர்க் குடத்தோடு ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்த எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா இதைப் பார்த்தாள். ஊர்ப் பொம்பளையை ஒரு வெளியூர்க்காரன் ஏசுவதா என்று குடத்தை ரோட்டில் வைத்துவிட்டு அவனோடு சண்டைக்குப் போனாள். அவன் அவளையும் ஏசினான். அவள் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் குடத்தோடு வந்தவர்களும் ஒவ்வொருவராக வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டிருந்தாலும் அத்தை பதில் சொல்லவில்லை.

லாரிக்குப் பின்னால் ஒரு எக்ஸ்பிரஸ் பஸ் வந்து நின்றது. விழுப்புரம் போகிற பஸ். அதைப் பார்த்ததும் அத்தை எழுந்தாள். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"நான் இதுல ஏறிக்கிறேன் பெரியம்மா. வழிய விடுங்க, பஸ்ஸு போவட்டும்," என்றாள்.

பெரியம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒக்காந்தேன்னுதான் நாங்க ஒக்காந்துக்கினு இருக்கறோம். நீ பாட்டுக்கு எழுந்து பஸ் ஏறிப் போயிட்டா எங்கள இன்னான்னு நெனைப்பான் அவன்?"

அத்தை பஸ்ஸைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். இந்தப் பஸ்ஸில் ஏறினால் பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். எதற்காக என்று சொல்லியிருந்தால் அவர்களே தூக்கி ஏற்றிவிட்டிருப்பார்கள். ஆனால் சொன்னால் அப்பாவுக்குப் போய்விடும். அத்தை மறுபடி உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எத்தனை வருஷமானாலும் என்னால் ஒழுங்குபடுத்த முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. ரோடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. புளியமரத்தில் காக்கை கத்துவது கேட்டது. ஆண்கள் வயலிலிருந்து வந்தார்கள். தாரில் உட்கார முடியாமல் சாக்கை நனைத்து விரித்தார்கள். ஈரச் சாக்கின் வாசனையும் தார் வாசனையும் சேர்ந்து எனக்குத் தலைவலி வந்தது. டீக்கடைக்காரர் முதலில் கையெடுத்துக் கும்பிட்டார், என் யாவாரத்தைக் கெடுக்காதீங்க, எழுந்திருங்க என்று. அரை மணியில் நின்ற வண்டிக்காரர்களெல்லாம் அவர் கடைக்கு வந்து பால் தீர்ந்துவிட்டது. பிறகு அவர் யாரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. ஏசிய லாரி டிரைவர் எங்கள் வீட்டில்தான் கூழ் குடித்தான். சாயங்காலம் அவனும் ஈரச் சாக்கில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகக் கோஷம் போட்டான். அவன் தெற்கத்திக்காரன். எங்கள் ஊரில் பஸ் நின்றால் அவனுக்கென்ன, நிற்காவிட்டால் அவனுக்கென்ன?

மத்தியான மணி தாண்டியபோது அத்தை என்னைக் கூப்பிட்டுத் தூக்கை வாங்கினாள். எக்ஸ்பிரஸ் பஸ்ஸின் ஜன்னலில் ஒரு குழந்தை பசியில் அழுதுகொண்டிருந்தது. அத்தை போய் அடையைப் பிய்த்து அதன் கையில் கொடுத்தாள். உருண்டையையும் கொடுத்தாள். அது தின்று முடிக்கிற வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். பிறகு காலித் தூக்கை மூடி என்னிடம் நீட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அதிகாரி ஜீப்பில் வந்தது அதற்கப்புறம்தான். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பெரியம்மா தண்ணீர் என்றாள். யாரோ கரண்ட் என்றார்கள். யாரோ ரேஷன் மண்ணெண்ணெய் என்றார்கள். அதிகாரி சிரித்தார், முதலில் என்ன வேண்டும் என்று உங்களுக்குள் முடிவு பண்ணுங்கள் என்றார். அப்போது அத்தை பேசினாள். வீட்டில் சத்தமாக ஒரு வார்த்தை பேசாதவள்.

"பஸ்ஸு நிக்கணும். நின்னு எங்கள ஏத்திக்கினு போவணும். அதுவரிக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

காலையில் எழுந்து போகப் பார்த்தவளும் இவள்தான். பையனைப் பார்க்க வேண்டிய நேரம் தாண்டிப்போயிற்று, இனி எழுந்து என்ன பிரயோசனம் என்று நினைத்தாளா? அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லையா? இல்லை, அத்தனை பேர் பக்கத்தில் இருக்கிற தைரியமா? அவள் முகத்தைப் பார்த்தேன். கோபமாக இருந்தது போலவும் இருந்தது, நிம்மதியாக இருந்தது போலவும் இருந்தது.

அன்று சாயங்காலமே அடுத்த ஊரில் உட்கார்ந்துவிட்டார்கள். பால்காரர் சைக்கிளில் போய்ச் சொன்னாராம். அங்கே அவர்களுக்குப் பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. அவர்கள் பம்புசெட் கரண்டுக்காக உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த ஊரில் மண்ணெண்ணெய். விழுப்புரம் பக்கம் ஓர் ஊரில் சுடுகாட்டுக்குப் பாதை. கரண்ட் இல்லாமல் அவர்கள் மூன்று வருஷமாக இருந்தார்கள், பாதை இல்லாமல் அவர்கள் தாத்தா காலத்திலிருந்து இருந்தார்கள். அதுவரைக்கும் உட்காராதவர்கள் அன்றைக்கு ஏன் உட்கார்ந்தார்கள்? "அங்க ஒக்காந்துட்டாங்களாம்" என்பதுதான் எல்லா ஊரிலும் சொன்னதாகக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் அரிசி மில்லில் வேலை பார்த்த என் தாய்மாமன், பஸ் இல்லாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அத்தை குளிப்பதற்காக வீட்டுக்கு வந்திருந்த நேரம். ஈரத் தலையோடு அவருக்குக் கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். மாமா சொம்பை வாங்காமல் அவளையே பார்த்தார்.

"அங்க உன்மேல லாரி ஏறிடுச்சுன்னு சொல்லிக்கினு இருக்கறாங்க. ஊரே கடை அடைச்சிருக்குது," என்றார்.

"யாரு மேல? என் மேலயா?"

"ஆமா. நானு பொணம் எடுக்கறதுக்குத்தான் வந்தேன்."

அத்தை சொம்பை அவர் கையில் வைத்து, குடிங்க என்றாள். மாமா குடித்துவிட்டுத் திரும்பிப் போய் அவள் உயிரோடு இருக்கிறாள், என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறார். யாரும் நம்பவில்லை. உன் வாயை அடைத்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறார்கள். கடைசியில் அவரையும் உட்கார வைத்துவிட்டார்கள். அரேபியாவுக்குப் போக விமானம் பிடிக்க வேண்டிய கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் அங்கே மாட்டிக்கொண்டு, பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதாராம். மாமா பின்னால் சொன்னார். அந்த மனிதர் பிறகு போனாரா, வேலை இருந்ததா, யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் ஒரு பஸ் நிற்காததற்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யாரிடம் கேட்பார்?

திங்கட்கிழமை போலீஸ் வேன்கள் வந்தன. அடிதடி என்று பெரிதாக இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்ததில் தள்ளுமுள்ளு. என் ஒரு செருப்பு போய்விட்டது. அந்த அலுமினியத் தூக்கும் அங்கேதான் போனது. அத்தையையும் பெரியம்மாவையும் இன்னும் பலரையும் ஏற்றிக்கொண்டு போய்த் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். அத்தை பொம்பளைகள் நடுவில் உட்கார்ந்து சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு இல்லை, பல் தெரிய. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மா அழுதுகொண்டே வந்தவள், அதைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்றைக்கே இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டார், யார் பேச்சைக் கேட்டு உங்கள் தங்கை உட்கார்ந்தாள் என்று. யாராவது சொல்லிக் கொடுக்காமல் ஒரு பொம்பளை போய் நடுரோட்டில் உட்காருவாளா என்பது அவர் கேள்வி. அப்பாவுக்கும் அதே கேள்விதான். தன் தங்கை தானாக எதையும் செய்வாள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. யோசித்துப் பார்த்து, டீக்கடைக்காரரைச் சொல்லிவிட்டார். கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்து அரசியல் பேசுகிறவர் ஊரில் அவர் ஒருவர்தான். டீக்கடைக்காரரை ஜெயிலில் போட்டார்கள். வெளியே வந்தபோது மாலை போட்டு அழைத்து வந்தார்கள். அடுத்த தேர்தலில் பஞ்சாயத்துத் தலைவரானார். எழுந்திருங்க என்று கெஞ்சியதை அவரே மறந்துவிட்டார். எல்லாம் தன் யோசனை என்று சாகும்வரை நம்பினார். அப்பாவும் அதையே நம்பினார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இருந்தும் அப்பா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். திருவாமாத்தூர் அம்மன் வாக்குக் கொடுத்துத்தான் அத்தை உட்கார்ந்தாள் என்று தெருவில் சிலர் சொன்னார்கள். அம்மா கொஞ்ச நாள் அதை நம்பினாள்.

ஊருக்குப் பஸ் நிறுத்தம் கிடைத்தது. மஞ்சள் பலகை நட்டார்கள். பஸ் நின்ற முதல் நாள் தேங்காய் உடைத்து, டிரைவருக்கு மாலை போட்டு, அத்தையை முதலில் ஏறச் சொன்னார்கள். அத்தை ஏறினாள். எல்லோரும் கை தட்டினார்கள். என்னையும் ஏற்றிவிட்டார்கள்.

விழுப்புரத்தில் பள்ளிக்கூடத்து கேட் பூட்டியிருந்தது. அத்தைக்கு அது தெரியாமலில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கே நின்றாள். பிறகு அப்பா போகக்கூடாது என்ற தெருவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா அத்தையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். அத்தை கையைத் தூக்கிக் கத்துகிற மாதிரி ஒரு படம் பேப்பரில் வந்திருந்ததாம். ஜெயிலுக்குப் போகிற பொம்பளை நாளைக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று மாமியார் பயந்து, மகனையும் கிளப்பிக்கொண்டு, பையனோடு பெங்களூரில் இருக்கிற அத்தையின் நாத்தனார் வீட்டுக்கே போய்விட்டார்களாம்.

திரும்பும்போது அத்தை விபூதிப் பொட்டலம் வாங்கவில்லை. எங்கள் ஊரில் பஸ் நின்றது. இறங்கினோம். பலகைக்குக் கீழே பெரியம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். "வரும்போதும் நின்னுச்சா?" என்று கேட்டார்கள். "நின்னுச்சு," என்றாள் அத்தை. அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பையன் வந்தான். ரொம்ப வருஷம் கழித்து, அவனுடைய அப்பா இறந்த பிறகு, மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். முதல் தடவை வந்தபோது நானும் ஊரில் இருந்தேன். அவன் அம்மாவை அவன் அறிந்ததெல்லாம் அந்தப் பேப்பர் படத்தைப் பற்றி அவன் பாட்டி சொன்னது மட்டும்தான் என்று தெரிந்ததும், எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்து கேட், அடை, பஸ் எல்லாவற்றையும் சொன்னேன். கேட் வழியாகச் சாப்பிட்டது அவனுக்கு லேசாக நினைவிருந்தது. எழுந்து சமையல்கட்டுக்குப் போனான். அத்தை அடுப்புக்கு முன்னால் மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவன் தரையில் உட்கார்ந்து, "எனக்காகத்தான் ரோட்ல உக்காந்தியாமே?" என்று கேட்டான்.

நான் வாசற்படியில் நின்றேன். அவள் ஆமாம் என்று சொல்வாள், இரண்டு பேரும் அழுவார்கள், எனக்கும் ஒரு விஷயம் முடிவாகத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அத்தை அவனை நிமிர்ந்து பார்த்தாள். யோசித்துத்தான் சொன்னாள். மறைக்கிறவள் முகம் போல இல்லை.

"யாரு சொன்னது? எல்லாரும் ஒக்காந்தாங்க. நானும் ஒக்காந்தேன்."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்வது? அத்தை போய்ச் சேர்ந்து இப்போது ஆறு வருஷமாகிறது. அவள் பொய் பேசி நான் கேட்டதில்லை, அந்தக் கோயில் விஷயத்தைத் தவிர. ஆனால் அவள் போய் உட்கார்ந்தபோது அந்த ரோட்டில் ஒருவரும் இல்லை. நான் பார்த்தேன்.